நேற்று இலவசம், இன்று கட்டணம்: கோபத்தில் நியாயம் எவ்வளவு?

பரிசளிப்பு விழாவில் எடுத்த படத்தைக் கைத்தொலைபேசியில் சேமிக்கப் போகும்போது திரையில் ஓர் அறிவித்தல் வருகிறது: உங்கள் இலவச இடம் நிரம்பிவிட்டது, தொடர்வதற்கு மாதக் கட்டணம் செலுத்துங்கள். "இத்தனை வருடம் சும்மா தந்துவிட்டு இப்போது காசு கேட்கிறார்களே! நமது படங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு நம்மிடமே விலை பேசுவதா?" என்கிறார் உம்மா. "அவர்களுக்கும் செலவு இருக்கிறதுதானே உம்மா?" என்கிறாள் மகள்.

இது பல வீடுகளில் நடக்கும் உரையாடல். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. யாருடைய பக்கத்தில் எவ்வளவு நியாயம் என்பதை, உண்மையாக நடந்த சில மாற்றங்களை வைத்து இக்கட்டுரையில் பார்ப்போம்.

1. இலவசத்தின் செலவை யார் கொடுக்கிறார்?

நாம் இணையத்தில் சேமிக்கும் படம் ஆகாயத்தில் மிதப்பதில்லை. ஏதோ ஒரு நாட்டில், பெரிய கட்டடம் ஒன்றினுள் இருக்கும் கணினிகளில் அது பதிவாகிறது. அந்தக் கணினிகளுக்கு இரவு பகலாக மின்சாரம் வேண்டும். அவை சூடேறாமல் குளிரூட்ட வேண்டும். பழுதானவற்றை மாற்ற வேண்டும். பராமரிக்கும் ஊழியர்களுக்குச் சம்பளம் வேண்டும். நாம் கொடுக்காவிட்டாலும் இந்தச் செலவை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அவர் யார் என்று பார்த்தால் இலவச சேவைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, விளம்பரதாரர் பணம் கொடுக்கும் சேவை. இரண்டாவது, கட்டணம் செலுத்தும் சிலரின் பணத்தில் மற்றவர்களும் பயன்பெறும் சேவை. மூன்றாவது, நன்கொடையில் நடப்பது. விக்கிப்பீடியாவும், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் எண்ணிம வடிவில் தந்துவரும் நூலகம் தளமும் இவ்வகையானவை. நான்காவது, முதலீட்டாளரின் பணத்தில் நடப்பது. முதலில் கூட்டத்தைச் சேர்ப்போம், வருமானத்தைப் பிறகு பார்ப்போம் என்ற கணக்கில் இது தொடங்குகிறது. இந்த நான்காவது வகையில், "பிறகு" என்ற அந்த நாள் ஒருநாள் வந்தே தீரும்.

2. மூன்று நிறுவனங்கள், மூன்று விதங்கள்

போட்டோபக்கெட் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட படச் சேமிப்புத் தளம். அங்கே படத்தைப் பதிவேற்றி, அதன் இணைப்பை வேறு தளங்களில் இட்டுக் காட்டும் வழக்கம் உலகெங்கும் பரவியிருந்தது. 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போதிய முன்னறிவித்தல் இல்லாமல் விதிகள் மாறின. படங்களைப் பிற தளங்களில் காட்டுவதற்கு வருடத்துக்கு 399.99 டொலர் கேட்கப்பட்டது. செலுத்தாதவர்களின் படங்கள் இருந்த இடங்களில், கணக்கை மேம்படுத்துங்கள் என்று சொல்லும் ஓர் அறிவித்தல் படம் மட்டுமே தெரிந்தது. இணையத்தில் பொருள் விற்ற சிறு வியாபாரிகளின் விற்பனைப் பக்கங்களும், பலர் ஆண்டுக்கணக்காக எழுதிவைத்த செய்முறை விளக்கங்களும் படமில்லாமல் பொருளற்றுப் போயின. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. மறு வருடம் அந்நிறுவனம் கட்டணத்தைப் பெருமளவு குறைத்தது. ஆனால் அதற்குள் பலர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள்.

அடுத்தது பிளிக்கர். 2013இல் இது ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாகக் கொடுத்தது. 2018இல் ஸ்மக்மக் என்ற நிறுவனம் அதனை வாங்கியது. அவ்வருடம் நவம்பரில், இலவசக் கணக்குகளில் இனி 1000 படங்கள் மட்டுமே வைக்கலாம் என்றும், மேலதிகமானவை பழையதிலிருந்து தொடங்கி நீக்கப்படும் என்றும் அறிவித்தது. சில மாத அவகாசம் கொடுத்தது. பின்னர் அதையும் சற்று நீடித்தது. எவரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்துடன் பகிரப்பட்ட படங்களை நீக்கமாட்டோம் என்றும் சொன்னது. விளம்பரதாரரின் விருப்பத்தைவிடப் பயனாளரின் விருப்பத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டுமாயின் பயனாளரே பணம் செலுத்த வேண்டும் என்பது அதன் விளக்கம். இதிலும் பலர் மனம் நொந்தார்கள். ஆனாலும் படங்களை எடுத்துக்கொண்டு வெளியேற அவர்களுக்கு நேரம் இருந்தது.

மூன்றாவது, நம்மில் பலரும் அறிந்த கூகுள் போட்டோஸ். 2015 மே மாதம் அது அறிமுகமானபோது, சற்றுச் சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களையும் இலவசமாகச் சேமிக்கலாம் என்றிருந்தது. 2020 நவம்பரில் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 2021 ஜூன் 1 முதல் சேமிக்கப்படும் படங்கள், மின்னஞ்சலுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட 15 ஜிகாபைட் இடத்தில் கணக்கிடப்படும் என்றார்கள். அப்போது அங்கே 4 டிரில்லியனுக்கும் அதிகமான படங்கள் இருந்தன. வாரந்தோறும் 2800 கோடி புதிய படங்களும் காணொளிகளும் சேர்ந்துகொண்டிருந்தன. அந்தத் திகதிக்கு முன் அவ்வாறு சுருக்கிய தரத்தில் சேமித்தவை கணக்கில் எடுக்கப்படவில்லை. எல்லாவற்றையும் பதிவிறக்கிக்கொள்ளும் வசதியும் இருந்தது.

மூன்றிலும் நடந்தது ஒன்றே: இலவசம் முடிந்தது. ஆனால் மூன்றிலும் எழுந்த கோபம் ஒரே அளவானதல்ல. ஏன்?

3. கோபத்தின் காரணம்

1986ஆம் ஆண்டு டானியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூன்று அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கனடாவில் தொலைபேசி மூலம் மக்களிடம் அவர்கள் கேட்ட கேள்விகளுள் இதுவும் ஒன்று: பனி அள்ளும் மண்வெட்டியை 15 டொலருக்கு விற்றுவந்த கடை, பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் காலை அதன் விலையை 20 டொலர் ஆக்குகிறது. இது நியாயமா? 82 வீதமானோர் நியாயமில்லை என்றார்கள். அதேவேளை, கடைக்காரரின் சொந்தச் செலவு கூடியதனால் விலை கூடினால் அதை மக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

நமக்குப் பனி தெரியாது; மின்வெட்டு தெரியும். மின்வெட்டு அறிவித்த அன்றே மெழுகுதிரியின் விலையைக் கூட்டும் கடையை நினைத்துப் பாருங்கள். நாம் வெறுப்பது விலையை மட்டுமல்ல. நமக்கு வேறு வழியில்லாத நேரம் பார்த்துக் கேட்பதையே அதிகம் வெறுக்கிறோம்.

இணைய சேவைக்கும் இது பொருந்தும். ஒரு சேவையில் நாம் சேர்ந்த முதல் நாளில் கட்டணம் கேட்டிருந்தால், வேண்டுமா வேண்டாமா என்று சுதந்திரமாகத் தீர்மானித்திருப்போம். பத்து வருடப் படங்களை உள்ளே வைத்த பிறகு கேட்கும்போது அந்தச் சுதந்திரம் குறைந்துவிடுகிறது. அதுமட்டுமல்ல, பெரிய நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுக்கும்போது, சிறு கட்டணத்துக்கு அதே சேவையைக் கொடுக்கும் மற்றவர்கள் போட்டியிட முடியாமல் ஒதுங்குகிறார்கள். பிறகு கட்டணம் வரும்போது நாம் போவதற்கு இடம் குறைவாகவே இருக்கும். உம்மாவின் கோபத்தில் உள்ள நியாயம் இதுதான்.

எனவே கட்டணம் கேட்டார்களா என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எவ்வளவு காலத்துக்கு முன் சொன்னார்கள்? ஏற்கெனவே உள்ளவற்றை என்ன செய்தார்கள்? எடுத்துக்கொண்டு வெளியேற வழி விட்டார்களா? காரணத்தை நேர்மையாகச் சொன்னார்களா? இந்த நான்கு கேள்விகளுக்கும் நல்ல பதில் இருந்தால், அங்கே கட்டணம் கேட்பது குற்றமாகாது. மகளின் பேச்சில் உள்ள நியாயம் இது.

4. நமது நாட்டின் நிலைமை

நம்மைப் பொறுத்தவரை இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தகைய பல சேவைகளின் விலை டொலரில்தான் குறிக்கப்படுகிறது. மாதம் 2 டொலர் கேட்கும் ஒரு சேவையை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அதன்படி மாதம் 400 ரூபாய். அவ்வருடம் மே மாதமளவில் டொலர் ஏறக்குறைய 360 ரூபாவானது. நிறுவனம் ஒரு சதமும் கூட்டாமலே, அதே சேவை 720 ரூபாவாகிவிட்டது. வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தக்கூடிய வங்கி அட்டை எல்லா வீடுகளிலும் இருப்பதுமில்லை. தொற்றுக் காலத்தில், ஸூம் இலவசக் கணக்கில் நடந்த வகுப்பு 40 நிமிடத்தில் துண்டிக்கப்பட, மீண்டும் இணைந்து பாடம் கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. சிலருக்கு அற்பமாகத் தெரியும் கட்டணம் வேறு சிலருக்குக் கல்வியின் வாசலையே மூடக்கூடும்.

5. நாம் செய்யக்கூடியவை

மாணவிகளே, கோபப்படுவதோடு நின்றுவிடாமல் முன்கூட்டியே சில காரியங்களைச் செய்துகொள்ளலாம்.

முதலில், முக்கியமான எதையும் ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். உயர்தரப் பாடக் குறிப்புகள், சான்றிதழ்களின் பிரதிகள், மூத்தம்மாவின் படங்கள் ஆகியவற்றின் இன்னொரு பிரதி வீட்டில் உள்ள வன்தட்டிலோ பென்டிரைவிலோ இருக்கட்டும்.

இரண்டாவதாக, எந்தச் சேவையிலும் சேரும்போதே வெளியேறும் வழியைப் பாருங்கள். எல்லாவற்றையும் பதிவிறக்க முடியுமா என்று முதல் வாரத்திலேயே சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, தேவையற்றதை நீக்கப் பழகுங்கள். ஒரே காட்சியின் பத்துப் படங்களில் நல்ல ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். பலருக்கு இலவச இடமே தாராளமாகப் போதுமாகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டணம் கேட்கும் அறிவித்தல் வந்தவுடன் பதற்றத்தில் பணம் செலுத்தவும் வேண்டாம், ஆத்திரத்தில் கணக்கை அழிக்கவும் வேண்டாம். பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது நமக்கு உண்மையில் தேவையா? வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? இதே வேலையைச் செய்யும் வேறு வழி உண்டா? பயனுள்ளது, விலையும் தாங்கக்கூடியது என்று கண்டால் செலுத்துவதில் தவறில்லை. உழைப்புக்குக் கூலி கொடுப்பதும் ஒரு நேர்மைதான். நன்கொடையில் நடக்கும் நல்ல தளங்களுக்கு இயன்றபோது ஒரு சிறு தொகை கொடுப்பதும் அவ்வாறே.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். உம்மாவும் மகளும் ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்து பழைய படங்களைப் பார்த்து, வேண்டியவற்றை வன்தட்டில் பதிந்து, மங்கியவற்றையும் இரட்டித்தவற்றையும் நீக்குகிறார்கள். இலவச இடத்தில் பாதி மீண்டும் கிடைத்துவிடுகிறது. கட்டணம் செலுத்துவதா இல்லையா என்பதை அவர்கள் இனி ஆறுதலாகத் தீர்மானிக்கலாம். ஏனென்றால் படங்கள் இப்போது அவர்கள் கையிலும் இருக்கின்றன.