சிங்கப்பூரில் பேங்க் அக்கவுண்ட்: திறந்த பிறகுதான் வேலையே இருக்கு!

இந்தியாவில் இருந்துகிட்டே சிங்கப்பூரில் சேவிங்ஸ் அக்கவுண்ட் திறக்கலாமா? பேங்க் சம்மதிச்சா தாராளமா திறக்கலாம். மூணு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

1. ஆவணம்: பாஸ்போர்ட், முகவரிச் சான்று, வரி எண் கேட்பாங்க. அந்த வரி எண் நம்ம பான்தான்.

2. பணம் அனுப்புறது: ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20% டிசிஎஸ் பிடிப்பாங்க. பயப்படாதீங்க, ரிட்டர்னில் கழிச்சுக்கலாம்.

3. ரிட்டர்ன்: சம்பளக்காரங்க மாட்டிக்கிறது இங்கதான். வழக்கமா போடுற ஐடிஆர்-1 செல்லாது. ஐடிஆர்-2-ல் ஷெட்யூல் எஃப்ஏ நிரப்பணும். அதுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு. 100 டாலர் இருந்தாலும் காட்டணும். வட்டிக்கு இங்க வரியும் உண்டு.

"யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு நினைக்காதீங்க. சிஆர்எஸ் ஏற்பாட்டில் சிங்கப்பூரிலிருந்து விவரம் நம்ம வருமான வரித்துறைக்கு வந்துடும். மறைச்சா கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தா, 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதம் கிடையாது. ஆனா காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கு.

அதனால, அக்கவுண்ட் திறந்த தேதி, வருஷத்தின் அதிகபட்ச பேலன்ஸ், டிசம்பர் 31 பேலன்ஸ், வட்டி, இந்த நாலையும் இப்பவே ஒரு ஷீட்ல குறிச்சு வைங்க.