வைட்டமின் டி பல் துலக்குமா?

இம்ப்ளாண்ட் பல் கட்டிக்கொண்டவர்கள் வாரம் ஒரு வைட்டமின் டி சாஷே குடித்தால் போதும், ஈறு வீங்காது, சீழ் பிடிக்காது, மற்றதை எதிர்ப்பு சக்தி பார்த்துக்கொள்ளும் என்றொரு பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. முழுப் பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். கால்வாசி உண்மை கலந்திருப்பதுதான் தொல்லை. கிருமியை உணர்ந்ததும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளையணு, ரத்தத்தில் உள்ள வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, கேத்திலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குகிறது. 2006-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காசநோய்க் கிருமியை வைத்து இதைக் காட்டியது. ஈறின் மேல்தோல் செல்களும் ஆய்வுக்கூடத் தட்டில் இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் தட்டில் இருப்பது நாலு செல்லும் கொஞ்சம் திரவமும். வாயில் இருப்பதோ சோறு, சர்க்கரை, வெற்றிலை, புகை, இவற்றோடு நாள்தோறும் படியும் நுண்ணுயிர்ப் படலம்.

இம்ப்ளாண்டைச் சுற்றியுள்ள ஈறு இயற்கைப் பல்லின் ஈறு போன்றது அல்ல என்பதை இந்தப் பேச்சு கண்டுகொள்வதே இல்லை. இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குத்தி இறங்கிப் பிடித்திருக்கும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ரத்த ஓட்டமுள்ள ஒரு தசைநார் உண்டு. இம்ப்ளாண்டின் டைட்டானியத்தில் எந்த நாரும் இறங்காது, பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். தசைநார் இல்லை, ரத்தக் குழாய்களும் குறைவு. காவல் குறைந்த அந்த இடத்தில் படலம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். இம்ப்ளாண்ட் உள்ளவர்களை மூன்று வாரம் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. திரும்பத் துலக்கியதும் வீக்கம் இறங்கியது, ஆனால் இயற்கைப் பல்லைவிட மெதுவாக. அந்த மூன்று வாரத்தில் மாறியது துலக்கும் பழக்கம்தானே? 2017-ல் சிகாகோவில் கூடிய ஈறுநோய் நிபுணர்களின் உலகக் கருத்தரங்கும் இம்ப்ளாண்டைச் சுற்றி எலும்பு கரைவதற்கு வலுவான ஆதாரமுள்ள காரணிகளாகச் சொன்னவை மூன்று: முன்பே இருந்த ஈறுநோய், சரியாகச் சுத்தம் செய்யாமை, தொடர்பராமரிப்புக்கு வராமை. வைட்டமின் குறைவு அந்த மூன்றில் இல்லை.

குறைபாடு உள்ளவர்களுக்கு இம்ப்ளாண்ட் அதிகம் கழன்று விழுகிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இத்தாலியில் 822 பேருக்குப் பொருத்திய 1,625 இம்ப்ளாண்டுகளின் பதிவுகளைத் திருப்பிப் பார்த்தபோது, வைட்டமின் டி மிகக் குறைந்தவர்களிடம் தோல்வி கூடுதலாகத்தான் தெரிந்தது. ஆனால் மொத்தத் தோல்வியே 27. வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் கைவிரித்துவிட்டது. அதுவும் பொருத்திய தொடக்கத்தில் எலும்பு ஒட்டாமல் போனவற்றின் கணக்கு. ஐந்தாறு வருடம் கழித்து வரும் சீழின் கணக்கு இல்லை. உடலில் அழற்சி இருந்தாலே ரத்தத்தில் வைட்டமின் டி அளவு இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எது காரணம், எது விளைவு? கடும் குறைபாடு இருந்தால் சரிசெய்யத்தான் வேண்டும், எலும்புக்காக. அது ஈறுக்குக் கொடுக்கும் காப்பீடு ஆகாது.

சாஷே விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. அதில் இருப்பது 60,000 யூனிட். பெரியவர் ஒருவருக்கு நாளுக்குத் தேவையானது சில நூறு யூனிட்தான். குறைபாடு உறுதியானவருக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுப்பதை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று மாதக்கணக்கில் குடிக்கிறார்கள். இது கொழுப்பில் கரைவது; மிஞ்சினால் சிறுநீரோடு போகாது, உடம்பில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி வரும், சிறுநீரகத்தில் கல் சேரும். ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தால், 2010-ல் வந்த முடிவில் விழுவதும் முறிவதும் கூடியிருந்தன.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் வேண்டாம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வைட்டமின் டி உருவாகாது. அதற்கான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது, உண்மை. அதைத் தாங்கும் எலும்பு கரையும். உடம்பு இம்ப்ளாண்டை 'வெளியே தள்ளுகிறது' என்பதும் பெரும்பாலும் படலம் செய்த வேலைக்கு உடம்பின் மேல் போடும் பழி.

வீட்டுக்கு வீடு நான் பார்க்க விரும்புவது இடைப்பல் பிரஷ். இம்ப்ளாண்ட் ஒன்றுக்குப் பல்லாயிரம் செலவழிக்கத் தயங்காதவர்கள், அதைச் சுற்றிச் சுத்தம் செய்யும் அந்தச் சின்னப் பிரஷுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். பல் கட்டும் மருத்துவமனைகள் மட்டும் யோக்கியமா? ஆறு மாதத்துக்கொரு முறை வர வேண்டிய பரிசோதனையையும் சுத்திகரிப்பையும் தொடக்க மதிப்பீட்டுச் சீட்டிலேயே எழுதித் தருபவை எத்தனை? இம்ப்ளாண்ட் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.