தெரியாத வெயிலும் தெரியாத தண்ணீரும்

சொந்த ஊரில் இருந்த காலத்தில் இதையெல்லாம் யாரும் எமக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. எந்தக் கிணற்றின் கட்டு உடைந்திருக்கின்றது, குளத்தில் எந்தப் பக்கம் பள்ளம், எந்த வாய்க்காலில் மழைக்குப் பின் இழுவை அதிகம் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. விடியப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் தண்ணீர் மாறி முடித்து, பொழுது சாயும் நேரம் திரும்பவும் தோட்டத்துக்குப் போனோம்.

இடம்பெயர்ந்தபோது காணியை மட்டும் நாம் விட்டு வரவில்லை. அந்தக் காணியோடும் தண்ணீரோடும் சேர்ந்திருந்த அறிவையும் விட்டு வந்தோம். இன்று பிறர் காணியில் நாட்கூலிக்குப் போகின்றோம். வேலை நேரத்தைத் தீர்மானிப்பவர் வேறொருவர். பிள்ளைகள் ஆழம் தெரியாத குளத்தில் குளிக்கின்றார்கள். ஊர் திரும்பியவர்கள் பல வருடம் பாழடைந்து கிடந்த கிணற்றில் இறங்குகின்றார்கள். இத்தகைய இடங்களில் விபத்து நேர்ந்தால் முதற் சில நிமிடங்களே உயிரைத் தீர்மானிக்கின்றன. வைத்தியர் வருமுன் அந்த நிமிடங்கள் எமது கையில் உள்ளன. அவற்றில் செய்ய வேண்டியவற்றையும் செய்யக் கூடாதவற்றையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

1. வெயில்

எமது உடம்பின் இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். மண்வெட்டி பிடிக்கும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. வியர்வை காயும்போது அந்த வெப்பம் வெளியேறுகின்றது. காற்றில் ஈரம் கூடிய நாட்களில் வியர்வை காயாமல் வழிந்து ஓடும், உடம்பு குளிராது. ஏப்ரல் முற்பாதியில் நண்பகற் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கின்றது. அக்காலத்தில் விசேட கவனம் தேவை.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை வேண்டும். முகாமில் பல வாரம் வேலையின்றி இருந்த ஒருவர் முதல் நாளே முழு நாள் வெட்டுக்குப் போவது ஆபத்தானது. முதற் சில நாட்கள் குறைந்த நேரம் வேலை செய்து, பின்பு படிப்படியாகக் கூட்ட வேண்டும். கூலி குறையுமே என்று நாம் எண்ணலாம். ஆனால் ஒருவர் படுக்கையில் விழுந்தால் அந்த வீட்டுக்கு எத்தனை நாட்கூலி இழப்பு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதற் படி வெயிற் களைப்பு. தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை என்பன இதன் அறிகுறிகள். ஆளை நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, உடைகளைத் தளர்த்தி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஜீவனிப் பைக்கற்று இருந்தால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதையும் கரைக்கவும். இல்லையேல் ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைக்கவும். உப்புக் கஞ்சியும், உப்பிட்ட மோரும் நல்லவையே.

பூச்சிமருந்து அடித்தவருக்கும் இதே போன்ற வியர்வையும் வாந்தியும் வரும். வாயில் எச்சில் வடிந்தால், கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால், அது வெயிற் களைப்பு அல்ல, நஞ்சு. நஞ்சு பட்ட உடுப்பைக் களைந்து, உடம்பைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலுடன் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும்.

இரண்டாம் படி வெப்ப அதிர்ச்சி. உடம்பு 40 பாகைக்கு மேல் கொதிக்கும். ஆள் பிதற்றுவார், தள்ளாடுவார். வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். இந்நிலையில் தோல் காய்ந்திருக்கும் என்று பலர் எண்ணுகின்றார்கள். வேலை செய்துகொண்டிருந்து விழுந்தவருக்கு வியர்வை ஓடிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே வியர்வையைப் பார்க்க வேண்டாம். புத்தி தடுமாறுகின்றதா என்று பாருங்கள்.

இங்கே விதி ஒன்றுதான்: முதலில் குளிரச் செய்தல், பின்பு கொண்டு செல்லல். வாகனம் தேடி ஓடும் நேரத்திலேயே ஆள் இறந்துபோகலாம். வாய்க்காலில் ஓடும் தண்ணீரே அப்போது மருந்து. உடம்பு முழுவதும் வாளி வாளியாக ஊற்றி, பனையோலையோ மட்டையோ கொண்டு விசிற வேண்டும். கிணற்றடித் தொட்டி நிறைந்திருந்தால் கழுத்து வரை இருத்தி, ஒருவர் தலையை விடாது பிடித்துக்கொள்ள வேண்டும். புத்தி தெளியும் வரை, அல்லது நடுக்கம் எடுக்கும் வரை, இதைச் செய்யவும். வண்டியில் ஏற்றிய பின்னும் ஈரத்துணியும் விசிறலும் தொடரட்டும். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது.

2. கிணறும் குளமும்

நீரில் மூழ்குபவர் கைகொட்டிக் கூப்பிடுவார் என்று நாம் நினைக்கின்றோம். மூச்செடுக்கவே முடியாதவரால் கூப்பிட முடியாது. ஒரு பிள்ளை, தாய் துணி அலம்பும் இடத்திலிருந்து சில முழத்துக்கு அப்பால், சத்தமின்றி மூழ்கிவிடலாம்.

காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து இறப்பது அடிக்கடி நிகழ்கின்றது. மூழ்குபவர் பிடித்ததை விடமாட்டார். எனவே கரையில் நின்றபடியே கயிறு, சேலை, பனைமட்டை, நீண்ட தடி எதையாவது நீட்டவும். மூடிய வெற்றுக் கான் ஒன்றை எறிந்தால் அது ஓர் ஆளை மிதக்க வைக்கும்.

கரை சேர்த்த பின் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் எமது ஊர்களில் பழக்கம். இவை நேரத்தை வீணாக்குவதுடன், வாந்தி நுரையீரலுக்குள் போகவும் காரணமாகின்றன. அவருக்கு வேண்டியது காற்று. ஒட்சிசன் இன்றிச் சில நிமிடங்களிலேயே மூளை பழுதடைகின்றது. செய்ய வேண்டியவை:

(அ) மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியைப் பின்சாய்த்து, நாடியை உயர்த்தவும். மூச்சு இருக்கின்றதா என்று பத்து விநாடிக்கு மேற்படாமல் பார்க்கவும்.

(ஆ) மூச்சு இல்லையேல் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு உயரும் அளவுக்கு ஐந்து முறை ஊதவும். கைக்குழந்தையாயின் வாயையும் மூக்கையும் சேர்த்து ஊதவும்.

(இ) அசைவு இல்லையேல் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தாழும்படி 30 முறை அழுத்தவும். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகம் வேண்டும். சிறு பிள்ளைக்கு ஒரு கை போதும். கைக்குழந்தைக்கு இரு விரல் போதும். நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு தாழ வேண்டும்.

(ஈ) பின்பு இரு முறை ஊதுதல், 30 முறை அழுத்தல். மூச்சு வரும் வரை, அல்லது உதவி வரும் வரை, ஆள் மாறி ஆள் நிறுத்தாமல் செய்யவும். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பி வாயைத் துடைத்துத் தொடரவும்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போகவும். நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தால் சில மணி நேரத்தின் பின்பும் மூச்சுத் திணறல் வரலாம்.

3. கிணறு இறைக்கும்போது

நீர் இறைக்கும் இயந்திரம் ஏறக்குறைய 7 மீற்றர் ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சி எடுக்காது. அதனால் ஆழக் கிணறுகளில் இயந்திரத்தையே உள்ளே இறக்கிவிடுகின்றோம். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே இறங்கியவர் சோர்ந்து விழுவார். அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் விழுவார். அவரைத் தேடி இறங்கும் அயலவரும் விழுவார். ஒரே கிணற்றில் ஒரு குடும்பமே அழிவது இப்படித்தான்.

விளக்கை இறக்கிப் பார்த்தோம், அது அணையவில்லை என்று சொல்வார்கள். விளக்கு அணைந்தால் மூச்சுக்குக் காற்று இல்லை என்று அறியலாம். அணையாவிட்டால் நல்ல காற்று என்று நம்ப முடியாது. புகையின் நஞ்சை விளக்கு காட்டாது. எனவே எண்ணெய் இயந்திரத்தை ஒருபோதும் கிணற்றுக்குள் ஓட்டக் கூடாது. இறங்குபவரின் நெஞ்சில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் கயிற்றால் இழுக்கவும். பின்தொடர்ந்து இறங்க வேண்டாம்.

4. குதித்தலும் சுழியோடுதலும்

கோடையில் குளம் வற்றும்போது, போன மாதம் குதித்த இடத்தில் இன்று இடுப்பளவு நீர்தான் இருக்கும். தலைகீழாகக் குதித்தால் கழுத்தெலும்பு முறியும். அத்தகையவரின் தலையையும் முதுகையும் ஒரே நேராகத் தாங்கி, பலகையில் வைத்துத் தூக்கவும். மூச்சு இல்லையேல் மூச்சுக் கொடுப்பதே முதல் வேலை.

கரையோரங்களில் குடியேறிய எமது வாலிபர்கள் சிலர் மண்வெட்டியை விட்டுச் சங்கும் கடலட்டையும் எடுக்கக் காற்றுச் சிலிண்டருடன் கடலில் இறங்குகின்றார்கள். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. அந்த அமுக்கத்தில் நைதரசன் வாயு இரத்தத்தில் கரைகின்றது. விரைவாக மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல, அது குமிழிகளாகப் பொங்குகின்றது. மூட்டு நோவு, விறைப்பு, கால் இயலாமை, சிறுநீர் போகாமை என்பன வந்தால் அது களைப்பு அல்ல. நோ தீரும் என்று திரும்பவும் மூழ்கக் கூடாது. ஆளை நேராகப் படுக்க வைத்து, ஒட்சிசன் உள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டு சென்று, "சிலிண்டருடன் சுழியோடினார்" என்று முதலிலேயே சொல்லவும். தாமதித்தால் கால்கள் நிரந்தரமாக இயலாமற் போகலாம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவது நுரையீரலையே கிழிக்கும் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

5. மழைக் குளிர்

எமது நாட்டில் குளிரால் சாவு வராது என்று எண்ண வேண்டாம். 2022 மார்கழியில் மண்டோஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான ஆடு மாடுகள் இறந்தன. ஈரமும் காற்றும் சேர்ந்தால் மனித உடம்பும் 35 பாகைக்குக் கீழே இறங்கும். தறப்பாளின் கீழ் நனைந்து கிடக்கும் குழந்தைகளும் முதியவர்களும் முதலில் பாதிக்கப்படுவார்கள். நடுங்கிய பிள்ளை நடுக்கம் நின்று சோர்ந்தால் அது சுகமல்ல, ஆபத்து. ஈர உடுப்பைக் களைந்து, துடைத்து, தலையையும் சேர்த்துப் போர்த்தவும். குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்து வைக்கவும். நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புத் தேநீர் கொடுக்கலாம். சாராயம் உடம்பின் சூட்டை வெளியேற்றிவிடும். மூடிய குடிசைக்குள் கரிச்சட்டி வைக்கக் கூடாது. கிணற்றில் சொன்ன அதே நஞ்சு வாயு அங்கும் உண்டாகும்.

கூடிச் செய்யக் கூடியவை

1. குடியிருப்பைச் சுற்றியுள்ள கிணறு, குளம், பள்ளங்களை நடந்து பார்த்து, பெரியதொரு தாளில் வரைந்து பிள்ளைகளுக்குக் காட்டுவோம். கட்டில்லாக் கிணறுகளைச் சுற்றி முள்வேலி அடைப்போம்.

2. குளிக்கும் ஒவ்வொரு துறையிலும் கயிறு கட்டிய வெற்றுக் கான் ஒன்றைத் தொங்கவிடுவோம்.

3. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். புதிய இடத்தின் பெயரையும் பாதை அடையாளத்தையும் சொல்லத் தெரியாமல் நிமிடங்கள் வீணாகும். அவற்றைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்யட்டும்.

4. கூலிக்குப் போகும் குழுவாக, நண்பகல் வேலையை விடியற்காலைக்கு மாற்றும்படி காணிக்காரரிடம் கேட்போம். தனி ஒருவர் கேட்டால் வேலை போகலாம். எல்லோரும் கேட்டால் நேரம் மாறலாம்.

சிந்திக்கச் சில கேள்விகள்

- எமது குடியிருப்பில் மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தெரியாதவர்களுக்கு யார், எப்போது பழக்குவது?

- சொந்த ஊரில் வெயிலுக்கும் தண்ணீருக்கும் நாம் வைத்திருந்த நல்ல வழக்கங்கள் எவை? அவற்றில் எவற்றை இங்கும் தொடரலாம்?

- இங்கு முன்பிருந்தே வாழும் அயலவரிடம் இந்தக் குளத்தையும் இந்தக் கிணறுகளையும் பற்றிக் கேட்டறிந்தோமா?