ஏற்றுமதியில் கூட்டு விலை: போட்டிச் சட்டம் கற்பிக்கும் பாடம்

தாராவியின் தோல் தொழிலுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் பலர் அங்கே தோல் பதனிட்டு வாழ்ந்தனர். இன்று பதனிடும் பணி பெரும்பாலும் வேறிடங்களுக்குப் பெயர்ந்துவிட்டது. எனினும் அங்கு உருவாகும் பைகளும் பணப்பைகளும் இடைவார்களும் கடல் கடந்து செல்கின்றன. ஏற்றுமதிக் கடன், சுங்க ஆவணம், அந்நியச் செலாவணி விதி ஆகியவற்றை நன்கறிந்த வணிகர்களும் போட்டிச் சட்டத்தைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. அதனை இவ்விதழில் காண்போம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியிலுள்ள ஒரு நிறுவனம் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களிலுள்ள மூன்று ஏற்றுமதியாளரிடம் பணப்பைக்கு விலை கேட்கிறது. மூவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "நம்மை மோதவிட்டு விலையைக் குறைக்கப் பார்க்கிறார்கள், குறிப்பிட்ட விலைக்குக் கீழே யாரும் இறங்க வேண்டாம்" என்று பேசி முடிக்கின்றனர். இது ஒற்றுமையா, சட்ட மீறலா?

நம் நாட்டுச் சட்டம்

2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் 3-ஆம் பிரிவு முதன்மையானது. போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயித்தல், உற்பத்தியைக் கட்டுப்படுத்தல், சந்தையைப் பங்கிட்டுக்கொள்ளல், ஒப்பந்தப்புள்ளியில் கூட்டுச் சேர்தல் ஆகியவை போட்டிக்குக் கேடு விளைவிப்பவை என்றே அப்பிரிவு அனுமானிக்கிறது. ஆயினும் முற்றிலும் ஏற்றுமதிக்காகவே செய்யப்படும் உடன்பாடுகளுக்கு அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. ஆகவே நம் மூவரும் இந்தியச் சட்டத்தின்படி அச்சமின்றி இருக்கலாம் எனத் தோன்றும்.

கரை கடந்த சட்டம்

இடர் இங்குதான் தொடங்குகிறது. நம் சட்டம் தரும் விலக்கு நம் எல்லையோடு முடிந்துவிடும். சரக்கு சென்று சேரும் நாட்டின் சட்டத்தை அது கட்டுப்படுத்தாது. 1988-இல் மரக்கூழ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. வழக்கில் இருந்தோர் ஐரோப்பியச் சமூகத்திற்கு வெளியே இயங்கிய உற்பத்தியாளர்கள். உடன்பாடு எங்கே உருவானது என்பதன்று, எந்தச் சந்தையில் நடைமுறைக்கு வந்தது என்பதே கேள்வி என்று நீதிமன்றம் கூறியது. அமெரிக்கச் சட்டம் தம் ஏற்றுமதிக் கூட்டுக்கு விலக்களித்திருக்கிறது என்ற வாதமும் எடுபடவில்லை. சான்று போதாமையால் அவ்வழக்கின் முடிவுகளில் பெரும்பகுதி 1993-இல் நீக்கப்பட்டது. எனினும் இக்கொள்கை நிலைத்தது.

அமெரிக்காவில் இடர் இன்னும் பெரிது. 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி விலைக் கூட்டு குற்றவியல் குற்றமாகும். தனிநபருக்கு 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

உள்நாட்டில் ஒரு வழக்கு

உள்நாட்டு விற்பனைக்கு மேற்கண்ட விலக்கு இல்லை. 2009-இல் இந்திய உணவுக் கழகம் தானியப் பாதுகாப்பு மாத்திரைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, மும்பையைச் சேர்ந்த எக்ஸெல் கிராப் கேர் உள்ளிட்ட மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு 388 ரூபாய் என ஒரே விலையைக் குறிப்பிட்டன. அவற்றின் செலவுகள் வெவ்வேறாயிருக்க விலை மட்டும் ஒன்றானதை ஆணையம் ஏற்கவில்லை. 2012-இல் எக்ஸெல் நிறுவனத்திற்கு ஏறத்தாழ 63.9 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில், தொடர்புடைய பொருளின் விற்றுமுதலை மட்டும் கணக்கிட்டு அது 2.91 கோடியாகக் குறைக்கப்பட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது.

அந்த ஆறுதல் இன்று அதே அளவில் இல்லை. 2024 மார்ச் முதல் அபராதத்தின் உச்ச வரம்பு உலகளாவிய மொத்த விற்றுமுதலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

கண்காட்சியில் ஒரே அரங்கைப் பகிர்தல், ஒரே கொள்கலனில் சரக்கனுப்புதல், தரப் பரிசோதனைக்கு ஒன்றுசேர்தல், அரசிடம் கூட்டாக மனு அளித்தல் ஆகியவை பொதுவாகத் தவறாகா. ஆனால் வருங்கால விலை, தள்ளுபடி, வாங்குநர் பங்கீடு ஆகியவற்றைப் போட்டியாளரிடம் பேசலாகாது. சங்கக் கூட்டத்தில் அப்பேச்சு எழுந்தால் எதிர்ப்பைத் தெரிவித்து, அதனைக் குறிப்பேட்டில் பதியச் செய்து வெளியேறுக. வாட்ஸாப் குழுவும் கூட்டமே என்பதை மறவாதீர்கள். முன்பே தவறு நேர்ந்திருப்பின் வழக்கறிஞரை நாடுக. ஆணையத்திடம் முதலில் முன்வந்து முழு விவரமும் தருவோர்க்கு அபராதம் முற்றிலும் குறைக்கப்படவும் 46-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

நம் மூன்று ஏற்றுமதியாளரிடம் மீள்வோம். தோல் விலை, கூலி, வங்கி வட்டி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தனியே கணக்கிட்டுத் தத்தம் விலையை எழுதியனுப்பட்டும். அதற்கு ஆதாரமான கணக்குத்தாளைக் கோப்பில் வைத்திருக்கட்டும். நாளை ஒருவேளை மூவர் விலையும் ஒத்திருந்தாலும், அது பேசிவைத்த விலையன்று என்பதற்கு அத்தாளே துணை நிற்கும். ஓராண்டு இலாபத்தையும் நடைமுறை மூலதனத்தையும் ஒரே அபராதம் விழுங்கிவிடக்கூடும். அதனைத் தவிர்க்கச் செலவாவது சிறிது நேரமே.