கடல் கடந்த மொழி

இத்தாலி நாடு 1861-ஆம் ஆண்டில் ஓர் அரசாக ஒன்றுபட்டது. ஆயினும், அந்நாட்டு உழவர் பலர் தம்மை இத்தாலியர் என எண்ணிலர். வெனெத்தோ நாட்டார், லொம்பார்டி நாட்டார் என்றே எண்ணினர். தத்தம் வட்டார மொழியே பேசினர்.

வறுமையால் வாடிய அவருள் பல்லாயிரவர், 1875 முதல் பிரேசிலின் தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டே டோ சுல் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே காடு திருத்தினர், திராட்சை பயிரிட்டனர், காஷியாஸ் டோ சுல் முதலிய ஊர்களை உண்டாக்கினர். பல வட்டாரத்தாரும் அருகருகே வாழ்ந்தமையால் அவர்தம் மொழிகள் கலந்தன. வெனெத்தோ மொழியை அடிப்படையாகக் கொண்டு, போர்த்துக்கேயச் சொற்களும் விரவப்பெற்ற ‘தாலியன்’ என்னும் மொழி பிறந்தது.

அம்மொழிக்கும் இடர் நேர்ந்தது. வர்காஸ் ஆட்சியின்போது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பொது இடங்களில் இத்தாலிய மொழி பேசுதல் தடுக்கப்பட்டது. மீறியோருள் சிலர் சிறை புகுந்தனர். அச்சத்தாலும் நாணத்தாலும் பெற்றோர் பலர் அதனைத் தம் மக்களுக்குக் கற்பியாது விட்டனர். எனினும், வீட்டினுள்ளும் வயல்வெளியிலும் அது உயிர்த்திருந்தது.

2014-ஆம் ஆண்டில் பிரேசில் அரசே தாலியனைத் தன் நாட்டுப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இன்று ஆராய்ச்சியாளர் அவ்வூர் முதியோரை நாடி, அவர்தம் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்கின்றனர். தாய்நாட்டில் வேறு வேறாக நின்ற மக்கள், அயல்நாட்டில் ஒரு மொழியினராய் இணைந்த வரலாற்றை அப்பேச்சு அவர்களுக்கு உணர்த்துகின்றது. முதியோர் மறையுமுன் இளையோரும் அதனைக் கற்பாராயின், அம்மொழி நிலைபெறும்.