பள்ளிக்கூடக் குப்பை: பிள்ளைகளே கணக்கெடுக்கட்டும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள கரடியனாறு, வயலும் காடும் சேர்ந்த ஊர். யானை நடமாட்டமும் உண்டு. தெற்கே அம்பாறை, பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று 8 வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022இல் செய்தி வந்தது. சாப்பாட்டு வாசனைக்கு யானை பையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

நம்ம தோட்டத்தில் அந்தப் பை கானை அடைக்கிறது. வீசிய யோகட் கோப்பையில் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்குக் கொண்டாட்டம்தான்.

லஞ்ச் சீற்றை 2017 செப்டம்பரில் தடை செய்தார்கள். சட்டம் மட்டும் போதாது என்பது எங்கள் எண்ணம். தரம் 1 முதல் 5 வரை 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடம் இருக்குதானே! வகுப்புக்கு வரும் பொலித்தீனைப் பிள்ளைகளே ஒரு வாரம் எண்ணிச் சுவரில் எழுதட்டும். டீச்சர் எழுத வேண்டாம். மகள் வீட்டில் வந்து கணக்குச் சொன்னால், அம்மா மறுநாள் ரொட்டியை டப்பாவில் வைத்துக் கொடுப்பார்.

சருகு, பச்சை இலை, மாட்டுச்சாணம் மூன்றையும் அடுக்கி, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை புரட்டினால் சுமார் 3 மாதத்தில் பசளை தயார். புரட்டாவிட்டால் காற்றுப் போகாமல் நாறும். கரடியனாற்று வெயிலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். நம்ம மழைக்கு மேலே தகரம் போட வேண்டும்.