லோக்கல் ரயில் பரமபதம்: வீட்டிலேயே செய்யலாம்

பழைய தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் போதும். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி, இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று 11 ஸ்டேஷன்களை வரிசையாகப் போட்டு, இடையிடையே மூன்று கட்டங்கள் வரையுங்கள். பூந்தமல்லிக்காரர்கள் குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர் என்று பஸ் ரூட் போட்டுக்கொள்ளலாம்.

தாயக்கட்டை தேட வேண்டாம். ஆறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமென்ட் தரையில் தேயுங்கள். குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளையோ அத்தனை கட்டம். இரு பக்கமும் சமமாக விழுந்தால், 64 வீச்சில் சுமார் 50 முறை இரண்டு, மூன்று, நான்குதான் வரும். ஆறும் வெள்ளையாக விழுவது ஒரே முறை. அதனால் அதற்குப் பெரிய பரிசு கொடுங்கள்: இன்னொரு வீச்சு.

இதையே மனதில் வைத்துப் பாம்புகளை வையுங்கள். புறப்பட்ட இடத்திலிருந்து மூன்றாவது கட்டத்தில் 'சிக்னல் விழவில்லை, ஒரு ஆட்டம் சும்மா இரு' என்று எழுதினால், மூன்றில் ஒருவர் முதல் வீச்சிலேயே மாட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். ஏணிக்கு ஃபாஸ்ட் லோக்கல்: அம்பத்தூரில் ஏறினால் ஆவடியில்தான் இறக்கம். காய்களுக்குச் சட்டைப் பொத்தான் போதும். லேத் பட்டறை வீடென்றால் நட்டும் வாஷரும் இன்னும் ஜோர்.

விதிகளைத் தாளில் எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அட்டையோடு கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டமான வேலை. அவர்கள் எங்கே சண்டை போடுகிறார்களோ, அந்த விதியை மட்டும் திருத்தி எழுதுங்கள்.